பிஸ்கட் இல்லாமல் தலைவர் நின்ற வரலாறு

1

உலகத்தீரே, செய்கிற வேலையை அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். அடுப்பில் பால் இருந்தால் மட்டும் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது என்ற வரிசையில் மூன்றாவதாக வைக்கத்தக்க ஒரு சம்பவம் சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, ஒரு மருந்துக் கடை வாசலில் நடந்தேறியது. வரலாற்றாசிரியர்கள் யாரும் அங்கே இல்லாத காரணத்தால் அதைப் பதிவுசெய்யும் பெரும்பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

ஒரு நாய் நின்றது.

சொன்னவர் கையில் பிஸ்கட் இல்லை. இருந்தும் நின்றது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிற்பாடு யாராவது கண்டுபிடித்து எழுதினால் அசிங்கம். நாய்ப் பயிற்சிக்காரர்களைக் கிண்டல் செய்து ஒரு கட்டுரை எழுதுவதாகப் பத்திரிகைக்குச் சொல்லியிருந்தேன். தலைப்பு கூட வைத்தாகிவிட்டது. கட்டுரைக்குப் பதிலாக இது வந்து நிற்கிறது.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "அந்தச் சாலை அன்றும் வழக்கம்போல அமைதியாக—" சாலை அமைதியாக இல்லை. குப்பை வண்டி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது.

இரண்டு: "நாய்க்கும் மனிதனுக்கும் உள்ள பந்தம் ஆதிகாலந்தொட்டே—" இப்படி எழுதுகிறவர்களை முப்பது வருடமாக நான் கேலிசெய்து வருகிறேன். கை தானாகவே எழுதிவிட்டது. மன்னிக்கவும்.

மூன்று: "அக்கா கீழே விழுந்தாள். இடுப்பெலும்பு உடைந்தது." இதில் கிண்டல் பண்ண எதுவும் இல்லை. அதனால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

அக்காவுக்கு அறுபத்து நான்கு வயது. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். தனியாக இருக்கிறாள். தனியாக என்று எழுதினால் அடுத்த நிமிடம் திருத்துவாள்: "தலைவர் இருக்காரேடா."

தலைவர் என்பது நாய். நான்கு வயது, பழுப்பு நிறம், இருபத்தெட்டு கிலோ. குட்டியாக வந்த முதல் நாளே வீட்டிலிருந்த ஒரே நல்ல நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, ஒரு வேலையும் செய்யாமல் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்ததால் பெயர் வைப்பதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. அக்கா அதை "வாங்க, போங்க, உட்காருங்க" என்றுதான் பேசுவாள். கோபம் வந்தால் இன்னும் மரியாதை கூடும். சோபாவின் ஒரு மூலையைக் கடித்து நார் நாராக்கிய அன்று, "இது நீங்க செய்யற காரியமா?" என்று கேட்டாளாம். உடன்பிறந்த என்னை "டேய்" என்பாள். குறை சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

ஒரு காலை நடையில் தலைவர் முன்னால் இழுத்தார். அக்கா அவரைக் கூப்பிட்டுக்கொண்டே பைக்குள் கையை விட்டு பிஸ்கட்டைத் தேடினாள். கவனம் பையில், கயிறு மணிக்கட்டில். நடைபாதை விளிம்பில் விழுந்தாள்.

இங்கே எனக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டான். கைக்கு அருகில் கிடைத்தவன் அக்காவின் மகன், என் மருமகன். வேறு ஊரில் காப்பீட்டு நிறுவனத்தில் இருக்கிறான். விபத்துகளைப் பார்வையிட்டு யார்மேல் தப்பு என்று அறிக்கை எழுதுவது அவன் தொழில். மருத்துவமனை வராந்தாவில் என்னை நிறுத்திச் சொன்னான்:

"மாமா, டாக்டர் பத்து வாரம்னு சொல்லியிருக்கார். அம்மா வெளியில நடக்கற முதல் நாள் நானே வருவேன். நில்லுன்னு அம்மா சொன்னா அது நிக்கணும். நிக்கலன்னா மறுநாள் அது போகுது. ஊருக்கு வெளியில ஒரு குடும்பம் கேட்டிருக்காங்க, பெரிய தோட்டம். பேசிட்டேன்."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. சரிப்பான்னாங்க. அதான் பயமா இருக்கு."

(முதல் வரைவில் இவனுக்கு ஒரு குரூரப் புன்னகை கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். அக்கா படுத்திருந்த அறையில், தரையில் செய்தித்தாள் விரித்து ஒன்பது நாள் கிடந்தவன் அவன். ஒன்பது நாள் தரையில் கிடந்தவனை வில்லனாக்க எனக்குத் திறமை போதாது. கதையில் வில்லன் நாற்காலி காலியாகவே இருக்கிறது. வேண்டுமானால் தலைவர் ஏறி உட்கார்ந்துகொள்ளட்டும்.)

ஆக, பத்து வாரத்துக்குத் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். பந்தயம் என்ன என்று உங்களுக்கு இப்போது தெரியும். மறந்துபோனால் இந்தப் பகுதிக்குத் திரும்பி வந்து பாருங்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

3

பிஸ்கட் கொடுத்தே பழக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நாய் வைத்திருக்கும் எல்லாரும் கேட்டார்கள், வைத்திராதவர்கள் இன்னும் உரக்கக் கேட்டார்கள். கால்நடை மருத்துவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, கணையம் கெட்டிருக்கிறது, இரண்டு வேளைச் சாப்பாட்டைத் தவிர வாயில் ஒரு துணுக்கு கூடப் போகக்கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தலைவருக்குக் கிம்பளம் நின்றது. கிம்பளம் நின்ற பிறகு ஒரு தலைவரை வேலை செய்யவைப்பது எப்படி என்று எனக்குத் தெரிந்திருந்தால் நான் நாட்டுக்கே உபயோகப்பட்டிருப்பேன்.

மருத்துவர்தான் அந்த அம்மாவின் எண்ணைக் கொடுத்தார். ஐம்பது வயதிருக்கும். வாரநாளில் பஸ் பணிமனையில் பிரேக் சோதிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை அதே பணிமனையின் பின்பக்கத்தில் நாய் பழக்குவது. இது நான் இட்டுக்கட்டியதில்லை. இட்டுக்கட்டியிருந்தால் தபால்துறை மாதிரி ஏதாவது கொடுத்திருப்பேன். நிறுத்தக் கற்றுக்கொடுப்பவருக்கு பிரேக் வேலை என்றால் வாசகர் நம்பமாட்டார் என்கிற அளவுக்குத் தொழில் தெரியும் எனக்கு. அவருக்கு மனதுக்குள் பிரேக்காரம்மா என்று பேர் வைத்தேன். கேலிக் கட்டுரையின் கதாநாயகி இவர்தான் என்று பேனாவைத் தீட்டிக்கொண்டுதான் போனேன்.

சாப்பாடு இல்லாத பயிற்சி என்றதும் சாட்டையை எதிர்பார்த்தேன். இல்லையென்றால் கண்ணை மூடிக்கொண்டு நாயின் ஆன்மாவோடு பேசுவார் என்று எதிர்பார்த்தேன். இரண்டில் எது நடந்தாலும் எனக்கு நாலு பக்கம் உறுதி. அவர் என் சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார். ஒரு பிஸ்கட் தூள் இருந்தது. தட்டிவிட்டு வரச் சொன்னார்.

"அடிப்பீங்களா?" என்று கேட்டேன்.

"அடிச்சா நிக்கும் சார். நீங்க அடிக்கிற தூரத்துல இருக்கிற வரைக்கும். பிஸ்கட்டும் அதே கதைதான். பை நிறைய இருக்கிற வரைக்கும்."

"அப்ப எதுக்குத்தான் நிக்கும்?"

"அதுக்கு இப்ப என்ன வேணும்?"

தலைவர் ஒரு பஸ் சக்கரத்தை நோக்கி என் தோளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அங்க போகணும்."

"அதான் சம்பளம். கயிறு தளர்ந்தா ரோடு நகரும், இறுகினா ரோடு நின்னுடும். நீங்க நிறுத்தறீங்கன்னு அதுக்குத் தோணக்கூடாது. ரோடே நிக்குதுன்னு தோணணும். நில்லுன்னு சொல்லி நின்னா, மனசாரப் பாராட்டிட்டு, போகவிடுங்க. அவ்ளோதான். ஒரு எடத்துல அம்பது தடவை. அப்புறம் வேற எடம். வீட்டுக்குள்ள மட்டும் கேக்கறது கீழ்ப்படிதல் இல்ல, சும்மா பழகின தோஷம்."

நாலு பக்கம் போச்சு.

பிறகு அக்கா எப்படிப் பழக்கினாள் என்று நடித்துக் காட்டச் சொன்னார். நான் அக்காவாகவும் தலைவர் தலைவராகவும் நடித்தோம். அவர் இழுத்தார், நான் "வாங்க தலைவரே" என்றேன், அவர் உடனே திரும்பி ஓடிவந்து, என் பையை அண்ணாந்து பார்த்தார்.

பிரேக்காரம்மா தலைவரின் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு, "பாவம்," என்றார்.

"யாரு?"

"உங்க அக்கா. இழுத்தாத்தானே கூப்பிடுவாங்க. கூப்பிட்டு வந்தாத்தானே பிஸ்கட். இது ரெண்டையும் சேத்துக் கத்துக்கிட்டிருக்கு. பிஸ்கட் வேணும்னா மொதல்ல இழுக்கணும்."

அதாவது என் அக்கா, காலையும் மாலையும், மூன்று வருடமாக, மரியாதை குறையாமல், தலைவருக்கு இழுக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறாள்.

(இந்த இடத்தில் பேனாவை மூடிவைத்துவிட்டு இரண்டு நாள் எழுதாமலிருந்தேன். அக்கா நான் எழுதுவதை எல்லாம் படிப்பாள், பென்சிலோடு படிப்பாள். இந்தப் பத்தி வேண்டுமா? கதைக்கு வேண்டும். அக்காவுக்கு வேண்டுமா? தெரியவில்லை. விட்டுவைக்கிறேன். ஏழாம் பகுதிக்குள் தைரியம் வராவிட்டால் எடுத்துவிடுவேன். எடுத்துவிட்டிருந்தால் நீங்கள் இதைப் படித்திருக்க மாட்டீர்கள்.)

4

பிரேக்காரம்மா ஒரு நிபந்தனை போட்டார். "கடைசியில யார் கயிறு பிடிக்கப் போறாங்களோ, அவங்க சொல்ற மாதிரியேதான் எல்லாம் சொல்லணும். வார்த்தை மாறக்கூடாது."

எனவே முப்பது வருடமாக எந்தத் தலைவரையும் மதித்தறியாத நான், தெருவில் நின்று, "நில்லுங்க தலைவரே" என்று சொல்ல வேண்டியதாயிற்று. முதல் நாள் சொன்னபோது முன்னால் போய்க்கொண்டிருந்த கனத்த மனிதர் ஒருவர் நின்று, "யாரு, என்னையா?" என்றார். நாய் நிற்கவில்லை. அவர் நின்றார். அந்த வாரம் முழுக்க என் சாதனை அதுதான்.

முதல் இருநூறு மீட்டரைக் கடக்க ஐம்பது நிமிடம் ஆனது. கயிறு இறுகும், நான் கம்பமாவேன். தளரும், நகர்வேன். இறுகும், கம்பம். பால்காரர் போகும்போது பார்த்தார், திரும்பி வரும்போதும் அதே விளக்குக் கம்பத்துப் பக்கத்தில் இரண்டாவது கம்பமாக நான் நிற்பதைப் பார்த்தார். "சார் ஏதாவது வேண்டுதலா?" என்றார்.

இதெல்லாம் எனக்குச் சிரமமாக இல்லை. சிரமம் ஞாயிற்றுக்கிழமை பணிமனையில், பாராட்டில் வந்தது.

"நின்னுட்டான் பாருங்க. பாராட்டுங்க சார்," என்றார் பிரேக்காரம்மா.

"பரவாயில்ல," என்றேன் நாயிடம்.

"இது பாராட்டா?"

"எங்கிட்டருந்து இதான் அதிகபட்சம்."

"இன்னொரு தடவை."

"ஆகா. அகிலம் காணாத அற்புதம். சிலை வைக்கச் சொல்றேன்."

தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சக்கரத்தைப் பார்க்கப் போனார்.

"நாய்க்குக் கிண்டல் புரியாதுன்னு நினைக்காதீங்க. வார்த்தைதான் புரியாது. குரல் எங்க பிசகுதுன்னு தெரிஞ்சிடும். எனக்கு பிரேக் சத்தம் தெரியற மாதிரி. சாப்பாடும் தரமாட்டீங்க, மனசாரப் பேசவும் மாட்டீங்கன்னா எதுக்கு சார் அது உங்களுக்கு உழைக்கணும்?"

அன்று என்னை நிறுத்திவைத்து, பழுதாகிக் கிடந்த ஒரு பஸ்ஸை இருபது முறை பாராட்டச் சொன்னார். பாராட்டினேன். டீ குடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவர், "அந்த வண்டி அதுக்குத் தகுதியில்லைங்க," என்றார்.

(அடிக்குறிப்பாக வர வேண்டியது இது, அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை. எங்கள் வீட்டில் பாராட்டும் வழக்கமில்லை, திட்டும் வழக்கமுமில்லை. மனதில் இருப்பதைச் சொல்லாமலிருக்க அக்கா மரியாதையைக் கற்றுக்கொண்டாள். நான் கிண்டலைக் கற்றுக்கொண்டேன். இருவருக்கும் அதில் நல்ல பெயர்.)

ஐந்தாவது வாரம், மழை விட்ட ஒரு சாயங்காலம். தெருமுக்கில் திடீரென்று ஒரு சைக்கிள் வந்தது. தலைவர் பாயப் போனார். "நில்லுங்க" என்றேன். நின்றார். முன்னங்கால் ஒன்று காற்றில் இருக்க, அப்படியே நின்றார். என் வாயில் வந்தது இதுதான்:

"அட மடப்பயலே."

தலைவரின் பின்பாதி முழுக்க ஆடியது. என் முழங்காலில் தலையை முட்டிக்கொண்டு நின்றார். குரல் எங்கேயும் பிசகவில்லை என்று அவர் சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

அன்றிலிருந்து அதுதான் கூலி. மடப்பயலே. உருப்படாதவனே. தண்டச்சோறே. விசேஷ நாளில் மூன்றும் சேர்த்து. பூனையைப் பார்த்து நின்றார், பந்தைப் பார்த்து நின்றார், பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் நின்றார். பிரேக்காரம்மாவின் நோட்டில் பத்துக்கு ஆறு என்றிருந்தது எட்டாகி ஒன்பதாயிற்று.

"என்ன சொல்லிப் பாராட்டறீங்க?" என்று கேட்டார் ஒருநாள். அவர் இருக்கும்போது நான் குனிந்து, காதோடுதான் சொல்வது வழக்கம்.

"ஏதோ சொல்றேன்."

"அக்கா சொல்ற மாதிரிதானே?"

"கிட்டத்தட்ட," என்றேன்.

5

இந்த இடத்தில் முடிவுகளைக் கடைவிரிக்க வேண்டும். இந்த வகைக் கதைகளில் அது சம்பிரதாயம்.

அ) அக்காவை நோக்கி ஒரு லாரி வருகிறது. "நில்லுங்க" என்ற ஒற்றைச் சொல்லுக்குத் தலைவர் மலைபோல் நின்று, அவள் உயிரைக் காக்— வேண்டாம். லாரி ஓட்டுநருக்கும் குடும்பம் இருக்கிறது.

ஆ) நாய் தோட்டத்துக்குப் போகிறது. தினமும் வாசற்கதவோரம் படுத்து, அந்தக் குரலுக்காகக் காத்— இதற்குக் கண்ணீர் நிச்சயம். அதனாலேயே வேண்டாம்.

இ) நடந்தது.

6

திங்கட்கிழமை காலை ஆறரை. அக்கா வலது கையில் ஊன்றுகோல், இடது கையில் கயிறு. கயிற்றை மணிக்கட்டில் சுற்றக்கூடாது என்பது பிரேக்காரம்மாவின் கட்டளை. இன்னொரு கயிறு, தளர்வாக, என் கையில். ஆறு மாதத்துக்கு அது இருக்கட்டும் என்பதும் அவர் கட்டளைதான். பணிமனைக்குப் போகிற வழியில் நோட்டோடு வந்திருந்தார். மருமகன் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் பதிவுசெய்துகொண்டிருந்தான். சம்பவ இடத்தை அவன் அப்படித்தான் பார்ப்பான்.

"வாங்க தலைவரே," என்றாள் அக்கா.

வாசலிலிருந்து மருந்துக் கடை வரை நூற்றிருபது அடி. முதல் நூறு அடியில் சொல்ல எதுவும் இல்லை. எழுதுகிறவனுக்கு அது நஷ்டம், நடக்கிறவளுக்கு லாபம்.

கடைப் படியில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது.

கயிறு இறுகியது. அக்கா ஊன்றுகோலை அழுத்தி நின்றாள். "நில்லுங்க," என்றாள்.

நின்றார்.

மருமகன் மூச்சை விட்டது கேட்டது. "ரொம்ப நல்லவருங்க நீங்க," என்றாள் அக்கா, புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தவருக்கு நன்றி சொல்கிற குரலில்.

தலைவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி பூனை. மறுபடி நான். சம்பளம் வரவில்லை. பூனையும் காத்திருந்தது.

"என்னடா பாக்குறார்?"

நான் என் கையிலிருந்த கயிற்றைச் சரிசெய்தேன்.

"டேய், உன்னைத்தான். என்ன வேணும் இவருக்கு?"

"அக்கா," என்றேன். "திட்டணும்."

"என்னது?"

"திட்டினாத்தான் அவருக்குப் பாராட்டு. அப்படிப் பழகிப்போச்சு."

மருமகன் கைபேசிக்குப் பின்னாலிருந்து, "மாமா, நிஜமாவா சொல்றீங்க?" என்றான். பிரேக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு, "நினைச்சேன்," என்றார். பேனா அவர் கையில் அப்படியே நின்றது.

"எனக்குத் திட்ட வராதுடா."

"தெரியும்க்கா. சீக்கிரம்."

தலைவரின் பின்னங்கால் ஒன்று படியை நோக்கி நகர்ந்தது. அக்கா அவர் முதுகைப் பார்த்தாள். உதட்டை இரண்டு முறை அசைத்துப் பார்த்தாள்.

"அறிவில்லாதவரே," என்றாள்.

வாலின் நுனி மட்டும் அசைந்தது.

"இடுப்ப ஒடச்சுட்டீங்களே. பத்து வாரம் கூரையப் பாத்துட்டுப் படுத்திருந்தேனே." குரல் இப்போது நூலகத்தை விட்டு வெளியே வந்துவிட்டது. "பல்லு தேய்க்க ஒருத்தர் வரணும், பொரண்டு படுக்க ஒருத்தர் வரணும். எல்லாம் உங்களாலதானே. உங்களாலதானேடா, மடப்பயலே."

பின்பாதி முழுக்க ஆடியது. பூனையை மறந்து திரும்பி வந்து, ஊன்றுகோலுக்கும் அவள் காலுக்கும் நடுவில் உடம்பை நுழைத்து, சாய்ந்து உட்கார்ந்தார். அக்கா குனிய முடியாமல் கயிற்றுக் கையின் இரண்டு விரலால் அவர் காதைத் தொட்டுக்கொண்டு நின்றாள். இந்தப் பத்து வாரத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. இப்போதும் பார்க்கவில்லை, பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருமகனின் பதிவில் இதில் எதுவும் இல்லை. அந்த இடத்திலிருந்து வெறும் செருப்புகள்தான் தெரிகின்றன.

பிரேக்காரம்மா நோட்டில் ஒரு கோடு போட்டார். "ஒண்ணு ஆச்சு. இந்த எடத்துல இன்னும் நாப்பத்தொம்பது," என்றார். மணி பார்த்தார். கிளம்பிவிட்டார்.

7

மருமகன் அன்று மாலையே ஊருக்குப் போனான். போகும்போது, "தோட்டத்துக்காரங்ககிட்ட வேணாம்னு சொல்லிட்டேன் மாமா," என்றான். பிறகு குனிந்து, யாருக்கும் கேட்காது என்று நினைத்து, தலைவரை ஒரு வார்த்தை திட்டிவிட்டுப் போனான்.

மூன்றாம் பகுதியில் அந்தப் பத்தி அப்படியே இருக்கிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அக்காவுக்கு அனுப்பினேன். இழுக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான் என்கிற வரியின் பக்கத்தில் பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறாள்: "காலையும் மாலையும் இல்லை. காலையில் மட்டும்." கீழே, சிறிதாக: "உருப்படாதவனே." முப்பது வருடத்தில் என் எழுத்துக்கு அவள் தந்த முதல் பாராட்டு.

கதையை இங்கே முடித்தால் அழகாக இருக்கும். ஆறாம் பகுதியோடு முடித்திருந்தால் இன்னும் அழகு. இரண்டில் எது என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வேண்டுமென்றால் லாரியைக் கூட எடுத்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. உங்கள் பாராட்டை மட்டும் குரல் பிசகாமல் சொல்லுங்கள். இந்தப் பத்திரிகை எனக்கும் பிஸ்கட் தருவதில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு மறுநாள் காலை ஆறரைக்கு, அதே கயிறுகளோடு, அதே மருந்துக் கடை வரைக்கும் போனோம். பூனை கூட இல்லை. "நில்லுங்க," என்றாள் அக்கா.

தலைவர் நிற்கவில்லை.